கரை மாற்றிக் காவல்

என் அம்மா சித்தப்பாவின் மணிக்கட்டை உடைத்தபோது, எலும்பு முறிந்த ஓசை மழை இரைச்சலுக்குள்ளும் எனக்குத் தனியாகக் கேட்டது. ஈர மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடிப்பது போன்ற, சற்றே மந்தமான ஓசை. சித்தப்பா உடனே கத்தவில்லை. கையிலிருந்த மண்வெட்டி நழுவி வடிகாலுக்குள் விழுந்து மறைந்த பிறகுதான் கத்தினார்.

இது நடந்தது சென்ற கார்த்திகையில். இந்த ஆண்டு, கும்பகோணத்தில் இலக்கியம் படிக்கும் எனக்கு விருப்பப் பாடமாக மேலாண்மை வாய்த்தது. வேறு பாடம் எதிலும் இடம் மிஞ்சவில்லை என்பதே காரணம். பாடநூல் தலைவர்களை வகை பிரித்திருந்தது: ஆணையிடுபவர், கலந்து பேசுபவர், விட்டுப்பிடிப்பவர். ஆசிரியர் ஒரு வேலை கொடுத்தார். நேரில் கண்ட ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள், அவரால் பயன் பெற்றவரிடமும் அவரால் இழந்தவரிடமும் பேசுங்கள், பிறகு எழுதுங்கள். உடன் படிப்பவர்கள் துணிக்கடை முதலாளிகளையும் விடுதிக் காப்பாளரையும் தேடிப் போனார்கள். நான் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். அவரால் இழந்தவர் பக்கத்து வீட்டில், வலது கையால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் இருந்தார்.

வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் ஊரைப் பிளந்துகொண்டு ஒரு வடிகால் போகிறது. மேற்குக் கரையை ஒட்டி எங்கள் வயல்கள். கிழக்குக் கரைக்குக் கீழே ஒரு தெரு. கரைமேல் நின்றால் அந்தத் தெருவின் கூரைகள் இடுப்பளவில் தெரியும். ஒரு காலத்தில் எங்கள் வயல்களில் கூலிக்கு உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே சொந்தமாகவும் குத்தகைக்கும் பயிர் செய்கிறார்கள். ஆசிரியர்களும் செவிலியர்களும் அந்தத் தெருவில் உண்டு. தண்ணீர் மட்டும் பழைய வழக்கப்படி அந்தப் பக்கமே சாயப் பார்க்கும்.

வடிகால் ஆற்றில் சேருமிடத்தில் ஒரு ஷட்டர், இரும்பு மதகுக் கதவு, இருக்கிறது. மழையில் ஆறு நிரம்பினால் அதை இறக்கி மூடியாக வேண்டும். இல்லையேல் ஆற்று நீர் திரும்பி உள்ளே ஏறும். மூடினாலோ, மழைநீர் வெளியேற வழியின்றி இரு கரைகளுக்கும் நடுவே உயரும். அந்நேரத்தில் ஒரு கரை உடைந்தால் மற்றது பிழைக்கும். இதை அறியாதவர் ஊரில் இல்லை. ஆகவே அவரவர் கரையை அவரவர் காப்பது வழக்கம். காப்பது என்றால் கம்போடும் அரிவாளோடும் நிற்பது. ஒரு மழையில் ஒருவருக்குக் காது போயிற்று. இன்னொரு மழையில், எங்கள் பக்கத்து ஆள் ஒருவரைச் சேற்றில் முகம் புதைய மிதித்தே பிடித்திருந்தார்கள். உயிர் தப்பினார், பேச்சு இன்றும் குழறுகிறது.

ஷட்டரை ஏற்றி இறக்கும் இரும்புக் கைப்பிடியைத் தனியாகக் கழற்றலாம். அது யாரிடம் இருக்கிறதோ, மழைக்காலத்தில் அவர் சொல்வதே நடக்கும். அதை வைத்திருந்த ஆண்கள் அடுத்தடுத்து அடிபட்டபின், இரு கரையினரும் கூடி அம்மாவிடம் கொடுத்தார்கள். அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார்; வயலைப் பார்ப்பது அம்மாதான்.

“பொம்பள கையில இருந்தா எவனும் அடிச்சுப் புடுங்க மாட்டான் அண்ணி” என்றார் சித்தப்பா, சிரித்துக்கொண்டே.

“அப்ப அடிக்கிறதுன்னா நான்தான் அடிக்கணும், அப்படித்தானே தம்பி?”

கூட்டம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மா முதலில் செய்தது காவலை மாற்றியது. “உங்க கரைய நாங்க பாக்குறோம். எங்க கரைய நீங்க பாருங்க. உடைஞ்சா, காவல் பாத்தவங்க பொறுப்பு” என்றார். கிழக்குத் தெருவின் சார்பில் பேச வந்தவர், நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்து வரும் பெண்; ஊரில் அவரை நடவுக்காரர் என்பார்கள். எந்த வயலுக்கு யார், எந்த வரிசையில் யார் என்பதெல்லாம் அவர் முடிவு. அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்குக்கா. எங்க வீட்டு நெருப்பை உங்க வீட்டுல வைக்கிறோம், உங்க நெருப்பை எங்க வீட்டுல வைக்கிறீங்க. யாரும் ஊத மாட்டாங்க.”

கிழக்குக் கரைக்கு முதல் ஆளாக அம்மா சித்தப்பாவை அனுப்பினார். சொந்த வீட்டு ஆளையே அனுப்பினால் அந்தத் தெரு நம்பும் என்பது அவருடைய கணக்கு. சித்தப்பா அந்த ஆண்டு குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் வடிகாலை ஒட்டிய பள்ளம். நட்டு வேர் பிடிக்காத சம்பா தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. நீர் வடியாவிட்டால் அழுகிவிடும். கிழக்குக் கரை உடைந்தால் வயல் வடியும்; கிழக்குத் தெரு முழுகும். உடையாவிட்டால் சித்தப்பாவின் ஆண்டு முழுகும்.

கல்லூரிக்கு மழை விடுமுறை. நண்பகலில் காவலாட்களுக்குத் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போனேன். மற்றவர்கள் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பாவைக் காணவில்லை. கரை வளையுமிடத்தில், கருவைப் புதருக்கு அப்பால், மண்வெட்டி ஏறி இறங்குவது தெரிந்தது. அதற்குள் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்குக் கரை திறந்திருந்தது. தண்ணீர் வழியவில்லை, பாய்ந்தது. நான் கத்தினேன்.

அம்மா ஷட்டரிலிருந்து ஓடி வந்தார். கைப்பிடி கையிலேயே இருந்தது.

“தம்பி, விடு.”

“நீங்க போங்கண்ணி. பயிரு அழுகுது.”

“கீழ வீடுடா. ஆளுங்க இருக்காங்க.”

“முழங்கால் தண்ணி வரும். ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். எனக்கு இந்த வருசமே போயிரும்!”

அவர் மறுபடியும் மண்வெட்டியை ஓங்கினார். அம்மா அடித்தார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். கீழே ஒரு வீட்டின் மண்சுவர் உட்கார்ந்தது. கட்டிக் கிடந்த ஆடுகள் கயிற்றோடு சுழன்று கத்தின, பிறகு கத்தவில்லை. தெருவிலிருந்து ஆண்கள் கரையேறி வந்தார்கள். முதல் கம்பு சித்தப்பாவின் முதுகில் விழுந்தது. நடவுக்காரரின் அக்கா மகன், என் வயதுடையவன், சித்தப்பாவின் வாயில் குதிகாலால் மிதித்தான். பல் தெறித்ததை நான் பார்க்கவில்லை. சித்தப்பா சேற்றோடும் இரத்தத்தோடும் அதைத் துப்பியதைப் பார்த்தேன். அம்மா சித்தப்பாவின் மேல் குப்புற விழுந்தார். அடுத்த கம்பு அவருடைய தோளில் இறங்கியது.

அப்போது நடவுக்காரர் வந்தார். அக்கா மகனின் தலைமுடியைப் பற்றி இழுத்து, கன்னத்தில் ஒன்று, மறுகன்னத்தில் ஒன்று. அவன் உதடு கிழிந்தது.

“அடிக்கிற கை எனக்கு இப்ப அங்க வேணும்டா! அவரைக் கொன்னுட்டு எதுல படுப்ப, தண்ணிலயா?”

அப்படியே அவனை உடைப்புக்குள் தள்ளினார். தானும் இறங்கினார். அம்மாவும் எழுந்து, ஒரு கையைத் தூக்க முடியாமல், இறங்கினார். தோளோடு தோள் கோத்து ஆட்கள் வரிசையாக நீருக்குக் குறுக்கே நின்றார்கள். யாரோ கதவுப் பலகையைப் பெயர்த்துக் கொண்டுவந்தார். அதன் பின்னால் மணல் மூட்டைகள் விழுந்தன. உடைப்பு அடைபட்டபோது அவர்களுடைய மார்பு வரை நீர் செம்மண் நிறத்தில் இருந்தது. அதில் எவ்வளவு மண், எவ்வளவு இரத்தம் என்று பிரிக்க முடியவில்லை.

தெரு பிழைத்தது. சித்தப்பாவின் பயிர் கடைசி நாற்றுவரை அழுகியது. அவருடைய மணிக்கட்டு கோணலாகவே கூடியது.

கல்லூரி வேலைக்காக நான் சித்தப்பாவிடம் போய் நின்றேன்.

“எழுதிக்க பாப்பா. தலைமைன்னா தன் ஆளக் காப்பாத்தணும். உங்கம்மா மண்வெட்டி புடிச்ச கையப் பாத்தாங்க. அந்தக் கை எதுக்குப் புடிச்சுதுன்னு பாக்கல.”

“உங்க மேல விழுந்து அடி வாங்கினாங்களே சித்தப்பா.”

“வாங்குனாங்க. இல்லேங்கல. மொத அடி யாரோடது?”

நடவுக்காரர் வயலில் இருந்தார்; நிமிராமலே பேசினார். “உங்கம்மா செஞ்சது தப்புதான். அடிச்சதைச் சொல்லல. அவரை அனுப்புனாங்க பாரு, அது. பயிரு முங்கிக் கெடக்குற மனுசனை அந்தத் தண்ணிக்கே காவல் போடுவாங்களா? ஆகாத ரெண்டு பேரை நான் ஒரே வரிசையில நடவிட மாட்டேன், தெரியுமா?” பிறகு சிரித்தார். “இதுக்கு உங்க காலேஜுல எத்தனை மார்க்கு?”

அம்மாவிடம் கடைசியாகக் கேட்டேன். கீரையை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

“தலையில அடிச்சிருக்கலாம். அதுதான் கிட்ட இருந்துச்சு. கையைத் தேடி அடிச்சேன். அது மட்டும் எனக்குத் தெரியும். அவனை அங்க அனுப்புனது நான். அதுக்கு என்னை யாரும் அடிக்கல.”

கட்டுரையைக் கொடுத்தேன். வன்முறை தலைமையாகாது என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த அடி விழாமல் தெரு முழுகியிருந்தால், அவர் அந்த வரியை யாரைப் பற்றி எழுதியிருப்பார் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

இந்த ஐப்பசியில் ஆறு மறுபடியும் நிரம்பியது. ஷட்டர் அருகே இரு கரையினரும் கூடினார்கள். இரு பக்கமும் கம்புகள் வந்திருந்தன. காவலை மாற்றுவது இனி நடக்காது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மாற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. சிலர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கைப்பிடியைத் தரையில் வைத்தார்.

“போன வருசம் ஆளைத் தப்பாப் போட்டேன். இனிமே நான் போடல. உங்க கரைக்கு எங்கள்ல யாரு வேணும்னு நீங்க சொல்லுங்க. எங்க கரைக்கு உங்கள்ல யாருன்னு நாங்க சொல்றோம்.”

“நீங்க வாங்க” என்றார் நடவுக்காரர் உடனே. “வர்றப்ப அந்த இரும்பை மட்டும் இங்கயே வச்சிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்.” யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றது.

எங்கள் கரையில் யாரும் பெயர் சொல்லவில்லை. மேற்குக் கரை உடைந்தால் முதலில் போவது சித்தப்பாவின் வயல். கடன்பட்டாவது அதே பள்ளத்தில்தான் மீண்டும் நட்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் இடது கையை நீட்டினார். சுட்டிய விரலுக்கு எதிரே, உதட்டில் தழும்போடு, நடவுக்காரரின் அக்கா மகன் நின்றான்.

“என்னை மிதிச்சவன் வரட்டும்.”

“எதுக்கு?” என்றான் அவன். கம்பை இறுக்கிப் பிடித்திருந்தான்.

“என் பல்லு போன இடத்தைத் தெனம் நாக்கால தொடுறேன். உன்னை மறக்க மாட்டேன். நானும் எங்க கரையிலதான் உக்காருவேன். நீ கண்ணசந்தா எனக்குத் தெரியும். நான் அசந்தா உனக்குத் தெரியும்.”

அவன் தன் சித்தியைப் பார்த்தான். பிறகு பாலத்தைக் கடந்து எங்கள் கரைக்கு வந்தான்.

அந்த மழை முழுவதும் நான் சோறு கொண்டுபோனேன். அம்மா கிழக்குக் கரையில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார். மேற்குக் கரையின் ஒரு முனையில் அவன் கம்போடு உட்கார்ந்திருந்தான். மறுமுனையில் சித்தப்பா, இடது கையில் அரிவாளோடு. நான் சோறு வைத்தால், ஒருவரையொருவர் பார்த்தபடி இருவரும் ஒரே நேரத்தில்தான் உண்ணத் தொடங்குவார்கள்.

கரை உடையவில்லை.