நாற்பத்தொரு கையெழுத்தும் ஒரு ஹெவி மெட்டல் விழாவும்

போன மாதம் ஒரு மனு எழுதினேன். உடனே நடவடிக்கை எடுத்துவிட்டார்கள்!

நம்ப முடியவில்லை, இல்லையா? எனக்கும்தான். நான் மனு எழுதுவதில் பழகிய கை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையை ஒட்டியது எங்கள் ஊர். வாசலைத் தாண்டிச் சிமெண்ட் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். காலைக் காபி ஆறுவதற்குள் முப்பது எண்ணிவிடுவேன். லாரிக்கும் தூசிக்குமாக இதுவரை பதினேழு மனு கொடுத்திருக்கிறேன். பதினேழுக்கும் ரசீது இருக்கிறது. பதில்தான்...

பதினெட்டாவது மனுவுக்கு மட்டும் அலுவலகம் துள்ளி எழுந்தது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் மனுக்கள் பாக்கி இருக்கின்றன.

மே மாதத்தின் நடுவில் ஒரு காலை. டீக்கடையில் செல்வராசு என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருக்காரர். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். ஊரில் யார் எதை எதிர்த்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர்.

"சார், சேதி தெரியுமா? மூடிக் கெடக்குற இன்ஜினியரிங் காலேஜ் கிரவுண்டுல ஹெவி மெட்டல் வருதாம்."

"யார் சொன்னது?"

"வாட்ச்மேன்தான். சனிக்கெழம ரெண்டு லாரியில பொட்டி பொட்டியா வந்து எறங்குதாம். அது என்னா சார், ஹெவி மெட்டல்னா?"

என்னிடம் கேட்கிற கேள்வியா இது? முப்பத்து நான்கு வருடம் வேதியியல் நடத்தியவன் நான். அங்கேயே பாடத்தைத் தொடங்கிவிட்டேன். ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக்... எது சிறுநீரகத்துக்கு, எது நரம்புக்கு, எது எலும்புக்கு... டீ மாஸ்டர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டார். செல்வராசுவின் முகம் வெளுத்துவிட்டது.

"அத நம்மூருல கொண்டாந்து கொட்டப் போறானுவளா!"

அரை மணி நேரத்தில் மனு தயார். 'மேற்படி மைதானத்தில் ஹெவி மெட்டல் இறக்கப்படுவதைத் தடுத்து நிறுத்தி, ஊர் மக்களைக் காக்குமாறு...' கீழே நாற்பத்தொரு கையெழுத்து. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனு.

இப்போது என் வீட்டுக்குள் வாருங்கள். பேத்தி யாழினி. வயது பதினேழு, பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஒரு வாரமாக ஒரே கருப்பு டீ-ஷர்ட்டைத் துவைப்பதும் காயப்போடுவதுமாக இருந்தாள். அதில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்தா, காய்ந்த வேரா என்று கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தும் விளங்கவில்லை.

"சனிக்கிழம ஒரு புரோகிராம் தாத்தா. ஜெனி பாடுறா" என்றாள்.

ஜெனி அவளுடைய வகுப்புத் தோழி. வரதராஜன்பேட்டைப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவள். மெல்லிசையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வீட்டில், ஒரே விழாவை யாழினி எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்த்துக்கொண்டிருந்தேன்!

வியாழக்கிழமை மாலை அழுதுகொண்டே வந்தாள்.

"போச்சு தாத்தா. ஃபெஸ்ட் நடக்காது போலருக்கு. எவனோ ஒரு கிறுக்கன் மனு போட்டிருக்கான்."

"எந்த ஃபெஸ்ட் பாப்பா?"

"ஹெவி மெட்டல் ஃபெஸ்ட்! எத்தன தடவ சொன்னேன்?"

ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்கிற நேரமா அது?

"ஹெவி மெட்டல்னா... ஈயம், காட்மியம்..."

"ஐயோ, மியூசிக் தாத்தா! கிட்டார், டிரம்ஸ்!"

நான் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. ஜெனிக்கு இதுதான் முதல் மேடை. இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பது இம்ரான் — அவனும் அதே வகுப்பு. பரீட்சை முடிந்த நாளிலிருந்து அவன் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, வெந்து வெந்து பழகியிருக்கிறார்கள். ஜூன் மாதம் ஜெனி நர்சிங் படிக்க பெங்களூர் போகிறாள். இம்ரான் மாமா கடையில் வேலை பார்க்கச் சென்னை போகிறான். யாழினி கோயம்புத்தூர். இந்தச் சனிக்கிழமை போனால் போனதுதான்.

கிறுக்கன் யார் என்று நான் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே மனுவை வாபஸ் வாங்க ஓடினேன்.

"வாபஸா?" அங்கே இருந்த எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவரே, நாப்பத்தொரு பேரு கையெழுத்துப் போட்ட மனு இது. நாப்பத்தொரு பேரும் நேர்ல வரணும். யாரு மெரட்டி வாபஸ் வாங்குறீங்கன்னு வேற விசாரிக்கணும்."

"யாரும் மெரட்டலைங்க. பேத்தி அழுவுறா."

"அதுக்கெல்லாம் ரூல் இல்லைங்க. நாளைக்கு ஆபீசரே நேர்ல வராரு. ஹெவி மெட்டல் இருந்தா நிறுத்துவாரு. இல்லைன்னா வுட்டுடுவாரு. நீங்க ஏன் பயப்படுறீங்க?"

நேரில் வருகிறாராம்! பதினேழு மனுவுக்கு எட்டிப் பார்க்காதவர்கள். கம்பெனி லாரியை எதிர்த்து எழுதினால் மனு படுத்துத் தூங்குகிறது. கிட்டார் வைத்திருக்கும் பிள்ளைகளை எதிர்த்து எழுதினால் ஜீப் ஏறி வருகிறது. எதிராளி எவ்வளவு சின்னவனோ அவ்வளவு வேகம்... இது எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போய்விட்டதே!

சனிக்கிழமை மூன்றரை மணி. கத்திரி வெயில். கல்லூரி மைதானத்தில் ஒரு மரம்கூட இல்லை. அந்த வெயிலில் எல்லாரும் கருப்புச் சட்டை! எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒன்பது பேர் ரசிகர்கள் இல்லை, எங்கள் ஊர் எதிர்ப்பாளர்கள். செல்வராசு தலைமையில் கருப்புச் சட்டை, கருப்புக் கொடியோடு வந்திருந்தார்கள்.

"பாட்டுக் கச்சேரிதான்யா, சொன்னேன்ல!" என்றேன்.

"பாட்டுன்னு சொல்லித்தான் சார் எறக்குவானுவ" என்றார் செல்வராசு.

பிரச்னை என்னவென்றால், யார் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் ஓடிவந்து செல்வராசுவின் கொடியைத் தடவிப் பார்த்தான். "அங்கிள், செம! எந்த பேண்ட்?" செல்வராசு தன் பேண்டைக் குனிந்து பார்த்தார். வேட்டிதான் கட்டியிருந்தார்.

ஜீப் வந்தது. இளம் அதிகாரி. கையில் ஒரு பெட்டி, அதற்குள் மாதிரி எடுக்க நான்கு காலி பாட்டில்கள். நேராக மேடைக்குப் போனார். அங்கே ஜெனி மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இங்க ஹெவி மெட்டல் எங்கம்மா இருக்கு?"

"இங்கதான் சார்!" ஜெனியின் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்கதான்!"

"ஒத்துக்கிறீங்களா?"

"பெருமையா ஒத்துக்கிறோம் சார்!"

அதிகாரி கிட்டாரைப் பார்த்தார், டிரம்ஸைப் பார்த்தார், தலைக்கு மேலே தொங்கிய பேனரைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தால் போதுமா?

"எனக்கும் தெரியுதுங்க, இது பாட்டுன்னு" என்றார். "ஆனா மனுவுல ஹெவி மெட்டல்னு இருக்கு. உங்க பேனர்லயும் ஹெவி மெட்டல்னு இருக்கு. ரெண்டும் ஒத்துப்போவுது. நான் என்ன எழுதுறது? ஒண்ணு செய்ங்க. இங்க ஹெவி மெட்டல் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நான் போயிடுறேன்."

எவ்வளவு சுலபம்! நானாக இருந்தால் மூன்று பிரதி எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் விழா நடத்துகிற பையன், பெரம்பலூர் விக்கி, இடுப்பு வரை முடி வளர்த்தவன், இரண்டடி பின்னால் போனான்.

"ஹெவி மெட்டல் இல்லைன்னு என் கைப்பட எழுதணுமா? நாளைக்கு எவனாச்சும் அத இன்ஸ்டால போட்டா என் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்? நிறுத்திக்குங்க சார். பரவால்ல."

"நானும் எழுத மாட்டேன்" என்றாள் ஜெனி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, வாயில் வீம்பு. "பாடாமலே போயிடுறேன்."

இந்தப் பிள்ளைகளை என்ன செய்வது? சட்டையில் மண்டை ஓடு. எதற்கும் அஞ்சமாட்டோம் என்று பாட்டு. ஆனால் நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் மட்டும் நம் சம்பந்தி வீட்டார் அளவுக்கு இருக்கிறது!

அதிகாரி பொறுமை இழந்தார். "மனுதாரராவது வந்திருக்காரா?" காகிதத்தைப் பிரித்து என் பெயரை உரக்கப் படித்தார். "ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்."

யாழினி திரும்பி என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கர்கூடச் சத்தம் போடாத அந்த அரை நிமிடம்தான் அன்று எனக்குக் காது வலித்தது.

பிறகு என் பேத்தி செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். விக்கியிடம் போனாள்.

"அண்ணா, உங்க பேண்ட் ஹெவி மெட்டலா?"

"சேச்சே. நாங்க டெத் மெட்டல், அது வேற வகை."

"ரெண்டாவது வர்றவங்க?"

"த்ராஷ்."

"மூணாவது?"

"டூம் மெட்டல். ஸ்லோவா போவும்."

"ஜெனி, நீ?"

"டெத்துதான்டி, தெரியாத மாதிரி கேக்குற..."

"அப்ப இங்க சுத்தமான ஹெவி மெட்டல் வாசிக்கிறது யாரு?"

விக்கி யோசித்தான். ஜெனி யோசித்தாள். இம்ரான் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே, "அத இப்ப யாருடி வாசிக்கிறா? எங்க வாப்பா காலத்து சமாச்சாரம்" என்றான்.

"அப்ப எழுதுங்களேன்!"

விக்கியின் முகத்தில் வந்த தெளிவைப் பார்க்க வேண்டுமே! பேனாவை வாங்கினான். மானம் போகாமல், பொய்யும் சொல்லாமல், 'இங்கு ஹெவி மெட்டல் இல்லை' என்று அழகாக எழுதி, கீழே ஒரு கோடும் போட்டான்.

"டெத்துன்னு ஏதோ காதுல வுழுந்துச்சே?" என்றார் அதிகாரி.

நான் முந்திக்கொண்டேன். "ராகம் மாதிரிங்க அது. சோக ராகம்."

"முகாரியா?"

"கிட்டத்தட்ட."

"சரி, பேனர்?"

பேனரில் பெரிய எழுத்தில் 'ஹெவி மெட்டல்' இருக்கிறதே. செல்வராசு ஒரு நிமிடம் எல்லாரையும் பார்த்தார். ஜெனியை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு மேடையில் ஏறி, எதிர்ப்புக்குக் கொண்டுவந்த கருப்புக் கொடியை விரித்து, 'ஹெவி'யின் மேல் கட்டிவிட்டார்.

"மெட்டல் தெரியுதே" என்றார் அதிகாரி.

"மெட்டல்னா ஜல்லி சார்" என்றார் செல்வராசு. "ரோட்டுக்குப் போடுறது. நம்ம பக்கம் ஜல்லிக்கு எப்ப சார் தடை இருந்துச்சு?"

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்று சொல்லி அதிகாரி நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஜெனி பாடினாள். பாடினாள் என்று எழுதும்போது பேனா தயங்குகிறது. போர் போடும்போது, இருநூறு அடியில் பாறை தட்டினால் ஒரு சத்தம் வருமே... அது. சின்ன உடம்பு, கழுத்தில் சிலுவை. இம்ரான் அடித்த அடியில் என் பல்செட் தனியாகத் தாளம் போட்டது. கருப்புச் சட்டைகள் தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தன.

"தொண்டைக்குள்ள கம்ப்ரஸர் வச்சிருக்கு சார் இந்தப் புள்ள!" என்று என் காதில் கத்தினார் செல்வராசு. கொடி இல்லாத வெறும் கம்பை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் என்று கொடுத்தார்கள். இருபத்தாறு ஆனது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இறங்கி வந்த ஜெனி, சாவையும் சாம்பலையும் பற்றி அவ்வளவு நேரம் உறுமியவள், "மோர் இருக்கா தாத்தா?" என்று கேட்டாள். கொடுத்தேன். யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கிறுக்கன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன் தாத்தா."

"முடியாது பாப்பா. வாபஸுக்கெல்லாம் ரூல் இல்லையாம்."

சிரித்துவிட்டாள். அது போதும்.

அதிகாரி அதற்குள் ஜீப்பின் பானெட் மேல் வைத்து அறிக்கையை எழுதி முடித்திருந்தார். மனுதாரருக்கு ஒரு நகல் உண்டாம், கையில் கொடுத்தார். 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. மேற்படி இடத்தில் ஹெவி மெட்டல் எதுவும் காணப்படவில்லை.' முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. பாட்டில்களைப் பெட்டிக்குள் அடுக்கினார். நான்கும் காலி.

எனக்கு ஒரு யோசனை வந்தது.

"சார், வந்தது வந்துட்டீங்க. இந்தச் சுவருக்குப் பின்னாடிதான் எங்க தெருவோட போர். அந்தத் தண்ணியில என்ன கலந்திருக்குன்னு பாக்க ஒரு பாட்டில் புடிச்சுட்டுப் போங்களேன். ரெண்டு நிமிஷ வேலை."

அவர் என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"மனுவுல கிரவுண்டுன்னுதானே சார் போட்டிருக்கீங்க? தண்ணிக்குத் தனியா ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க."

ஜீப் போய்விட்டது.

ஆக, எங்கள் வட்டாரத்தில் ஹெவி மெட்டல் இல்லை என்று நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுத்திருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் — ஹெவி மெட்டல் விழா நடந்த மைதானம்!