நாற்பது ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய் கமிஷன்

பள்ளி வேன் ஓட்டும் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரன் அக்கா. ஒருமுறை வேனில் ஹாரன் பழுதாகி ஒரு மாதம் ஆகியும் யாருக்கும் தெரியவில்லை. ஜன்னல் வழியாக அவள் போடும் சத்தத்துக்கு லாரியே ஒதுங்கும்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், திரும்ப ஏற்ற ஆறு மணி நேரம் இருக்கிறது. மற்ற டிரைவர்கள் அப்போது சீட்டு ஆடுவார்கள், குறட்டை விடுவார்கள். அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து, பழைய தீப்பெட்டிகளின் படங்களை ஊறவைத்து உரித்து நோட்டில் ஒட்டுவாள். பதினோரு வருஷத்தில் ஆயிரத்து நானூறு படங்கள் சேர்ந்திருந்தன.

பழம்பொருள் ஏலக்கூடத்துக்கு அவள் போனது ஒரு கோழிக்காக. ஒரு தகர டப்பா நிறையத் தீப்பெட்டிப் படங்கள் ஏலத்துக்கு வருகின்றன, அதில் அச்சுக்காரர் தவறி மூன்று கால் போட்டுவிட்ட கோழி ஒன்றும் இருக்கிறது என்று கேள்விப்பட்டாள். வாசலில் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள், எண் அட்டையை வாங்கினாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முப்பதில் ஆரம்பித்த டப்பா நாற்பதில் அவளுக்கு விழுந்தது. நாற்பது ரூபாய்க்கு மூன்று கால் கோழி! பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டாத குறை.

கவுண்டரில் பில் வந்தது. நூற்றறுபது.

"ஏம்மா, வேற யாரோட பில்லையோ குடுத்துட்ட."

"உங்களோடதுதான் அக்கா. பொருள் நாற்பது. வாங்குறவங்க கமிஷன் விலையில அஞ்சுல ஒரு பங்கு, குறைஞ்சது நூறு. பேக்கிங் இருபது," என்றாள் கவுண்டர் பெண். பட்டியல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எறும்பு ஊர்வதுபோல் இருந்த எழுத்தைக் காட்டினாள்.

முன்னால் நின்ற பல் டாக்டர் ஒன்பதாயிரத்துக்கு ஒரு நாணயம் வாங்கியிருந்தார். அவர் கட்டிய கமிஷன் ஆயிரத்து எண்ணூறு.

அக்காவின் குரல் கேட்டு மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், பொறுமையாக விளக்கினார். "நாணயமோ தீப்பெட்டியோ, எங்களுக்கு வேலை ஒண்ணுதான். போட்டோ எடுக்கணும், எழுதணும், பத்திரமா வைக்கணும். நாற்பதுல அஞ்சுல ஒரு பங்குன்னா எட்டு ரூபா. எட்டு ரூபாயில எப்படிங்க கட்டுப்படியாகும்?"

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். அதில் நியாயம் இருப்பதுபோல் பட்டது. பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"வேலை ஒண்ணுதான்னா, சார் கிட்டயும் நூறுதானே வாங்கணும்? அவர் கிட்ட விலையைப் பார்த்து வாங்குறீங்க, என் கிட்ட வேலையைப் பார்த்து வாங்குறீங்க. எந்தப் பக்கம் லாபமோ அந்தப் பக்கம் தராசைத் திருப்புறீங்களே!"

டாக்டர் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா."

"போட்டேன். படிக்காம போட்டது என் தப்பு." நூற்றறுபதை எண்ணி வைத்தாள். "கைதான் கையெழுத்துப் போட்டுச்சு. வாய் போடலை."

வீட்டில் அவள் புருஷன், குழாய் ரிப்பேர்காரர், கோழியின் காலை எண்ணிப் பார்த்துவிட்டு, "கிடைச்சுதுல்ல, விடேன்," என்றார். அவள் விடவில்லை.

அடுத்த ஏலத்தில் முதல் சின்னப் பொருள் வந்ததுமே அட்டையைத் தூக்கினாள்.

"முப்பது கேக்குறீங்களா?" என்றார் ஏலம் விடுபவர்.

"கமிஷன், பேக்கிங் சேர்த்து எவ்வளவு கட்டணும்னு கேக்குறேன்."

ஹாரன் கூடம் முழுக்கக் கேட்டது. அவர் தொண்டையைச் செருமி, "நூற்றைம்பது," என்றார். தூக்கியிருந்த மூன்று அட்டைகள் இறங்கின. அடுத்த பொருளுக்கும் கேட்டாள். அதற்கடுத்ததற்கும். "இந்த வேகத்துல பேசினா உங்க தாடை என் கிட்டதான் வரும்," என்று முன்வரிசையிலிருந்து திரும்பிச் சொன்னார் பல் டாக்டர். பின்வரிசைக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஏழு பொருள்கள் விலைபோகவில்லை.

இடைவேளையில் ஒரு தையல்காரப் பெண் நேராக வந்து அவள் எதிரே நின்றாள்.

"உன் வாயாலதான் என் அண்ணனோட பாட்டில் மூடி பெட்டி விக்கலை. யாருக்காக இந்த ஆட்டம்? என் வயித்துல அடிக்கவா?"

அக்காவுக்கு முகம் செத்துப்போனது. இதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. அவளுக்கே கேட்காத குரலில், "எவ்வளவு எதிர்பார்த்தீங்க?" என்றாள்.

"நாற்பது, அம்பது."

"நாற்பதுக்குப் போனா உங்க கைக்கு எவ்வளவு வரும்?"

தையல்காரி, பெட்டியைக் கொடுத்தபோது ஏலக்கூடத்தில் தந்த தாளைப் பையிலிருந்து எடுத்தாள். இருவரும் சேர்ந்து படித்தார்கள். விற்பவரிடமும் கமிஷன் உண்டு, குறைந்தது ஐம்பது. தையல்காரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், மறுபடி எண்ணிப் பார்த்தாள். "அடப்பாவி! வித்திருந்தா நான்ல பத்து ரூபா கட்டியிருக்கணும்!"

இடைவேளைக்குப் பிறகு இரண்டு குரல்கள் கேட்டன. ஒருத்தி வாங்குபவர் கட்டுவது எவ்வளவு என்றாள், மற்றவள் விற்பவர் கைக்கு வருவது எவ்வளவு என்றாள். நான்காவது பொருளில் மேனேஜர் வந்து அக்காவின் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். இனி உள்ளே வரக்கூடாது என்றார்.

"அட்டையை எடுத்துக்கோங்க. அது உங்களோடதுதான்," என்று எழுந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஏலக்கூட வாசலில் ஒரு பலகை வந்ததாகத் தையல்காரி போனில் சொன்னாள். ஐந்நூறுக்குக் கீழே போகும் பொருளுக்கு யார் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்ததாம். தொகை மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

பின்னாலேயே கடிதம் வந்தது. ஏலம் நடக்கும்போது கேள்வி கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால் அக்காவை மறுபடி அனுமதிப்பார்களாம். அவள் இந்த முறை கடைசி வரிவரை படித்தாள். பின்பக்கத்தில் எழுதினாள்: "எழுத்தைப் பெரிசாக்கினதுக்கு நன்றிங்க. கமிஷனைச் சின்னதாக்கிட்டுக் கூப்பிடுங்க."

புருஷன் வாங்கிப் படித்தார். "கொஞ்சம் மரியாதையா எழுதக்கூடாதா?"

"ரெண்டு எடத்துல 'ங்க' போட்டிருக்கேனே, கண்ணு தெரியலையா?" என்று சொல்லிக்கொண்டே உறையை நாக்கால் ஈரமாக்கி ஒட்டினாள்.