கல்லுக்கு வந்த தகரம்

அந்தப் புதுத் தகரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மாத்தளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அக்காவின் வீட்டில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு பகல். மேகமே இல்லாமல் லக்கலப் பக்கத்து வானம் இடித்தது. கூரைத் தகரம் கிழிந்தது. அடுப்படியில் ஒரு கல் வந்து விழுந்தது. தேங்காயளவு, கரி பூசினாற்போல் கறுப்பு. உடைந்த முனையில் மட்டும் சாம்பல் நிறம், பொடிப்பொடியாய் மினுக்கம். கோடானுகோடி ஆண்டு இருட்டில் அலைந்த விண்கல், ஒழுகுகிற எங்கள் கூரையைத்தானா தேடி வர வேண்டும்?

அக்கா அதை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, வாசல் மரத்தடியில் வைத்துச் சூடம் கொளுத்தினாள். லயமே வந்து கும்பிட்டது.

மறுநாள் தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை ஜீப்பில் வந்தார். கூடவே கொழும்பிலிருந்து விண்கல் ஆராய்கிற ஒருவர். பொட்டைக் கண்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, கழுவிட்டீங்களே! தண்ணி பட்டா இது கெட்டுப்போகுமே!"

"அப்ப எங்க வீட்டுக்குள்ள விழுந்திருக்கவே கூடாதுங்க," என்றாள் அக்கா.

தொரை குறுக்கே வந்தார். "தோட்டத்துல விழுந்தது தோட்டத்துக்குத்தான். தூக்குங்க."

"கூரைங்க ஐயா?" என்று கேட்டாள் அக்கா.

"குடியிருக்கிறது நீங்க. நீங்கதான் பார்த்துக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓர் ஆணி அடிக்கவும் உத்தரவு கேட்க வேண்டிய வீடு அது. ஒரு தகரத்துக்காக அக்கா ஆபீஸுக்கு நடந்த நடை வருஷக்கணக்கு. கல் விழுந்தால் தோட்டத்துடையது, ஓட்டை விழுந்தால் எங்களுடையதா? கத்தியே கேட்டேன். தொரை என் பக்கம் திரும்பவேயில்லை.

ஆனால், சூடம் காட்டிய சாமியை யார் தூக்குவார்? தொரையோடு வந்த கங்காணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கடைசியில் தொரையே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். குங்குமத்தைக் கிட்டத்தில் பார்த்தார். தொடாமலே நிமிர்ந்துவிட்டார்.

"தகரத்தப் போடுங்க," என்றாள் அக்கா. "சாமிகிட்ட கேட்டு நானே தூக்கித் தர்றேன்."

பொழுது சாய்வதற்குள் தகரம் வந்தது! மனிதர் நனைந்தபோது வராத தகரம். அக்கா சொன்னபடியே கல்லைக் கொடுத்தாள். பஞ்சு வைத்த பெட்டியில், நனையாமல், அது கொழும்புக்குப் போனது.

பக்கத்து வீடு இன்னும் ஒழுகுகிறது. போன மழையில் சட்டிகளைப் பரப்பிவிட்டு, அந்த வீட்டுக்காரி எங்கள் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏக்கா, அந்தச் சாமிக்குக் கூடப்பொறந்தது ஒண்ணும் இல்லியா? எங்க வீட்டுலயும் விழச் சொல்லேன்."