தேரோட்டியின் பெயர்

வளைகுடா நாட்டு ஊரான ஃபஹாஹீலில் நெய்னா முகம்மது காக்காவின் தையல் கடையில் பொத்தான் தைப்பது என் வேலை. கட்டுமானக் கம்பெனி ஒன்றின் ஆட்களுக்கு அவர்தான் சீருடை தைத்தார். வருஷத்துக்கு ஒருமுறை, அந்தக் கம்பெனி விழாவில் முதலாளி விஜயபாஸ்கரை வாழ்த்திப் பாட்டு எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசிப்பதும் அவர்தான். பாட்டு நின்றால் சீருடை ஆர்டரும் நிற்கும்.

காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அதிகம் பேசமாட்டார். யாரோ விட்டுப்போன பழைய புத்தகத்தில் படித்த கிரேக்கக் கதையை மட்டும் அடிக்கடி சொல்வார். அங்கே தேர்ப்பந்தயத்தில் ஜெயித்தால், குதிரைக்குச் சொந்தக்காரனான அரசனைத்தான் புலவர்கள் பாடுவார்களாம். உயிரைக் கையில் பிடித்துத் தேர் ஓட்டியவன் பெயர் பெரும்பாலும் பாட்டில் வராதாம்.

"நம்ம கம்பெனி கதைதான் பாய்," என்று சிரிப்பான் சுரேஷ்குமார். அவனும் வேலுச்சாமியும் அந்தக் கம்பெனி ஆட்கள்; தொழிலாளர் கேம்ப்பில் ஒரே ரூம்.

போன ஆகஸ்டில் டியூட்டி முடிந்து வந்து படுத்த வேலுச்சாமி எழவில்லை. அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தது வேறு முதலாளி, உடலை அனுப்புவது எங்கள் பொறுப்பல்ல என்றது கம்பெனி. சுரேஷ் ரூம் ரூமாகப் போய்ப் பணம் திரட்டினான். ஊரிலிருந்து வேலுச்சாமியின் மனைவி வடிவு ஒன்றைத்தான் கேட்டாள். "முகத்தை ஒரு தடவ பாத்துக்கிறேண்ணே. அது போதும்."

அந்தச் சமயத்தில் விழா வந்தது. "வேலுச்சாமியைத் தன் செலவில் ஊர் சேர்த்த வள்ளலே" என்று காக்கா ஒரு வரி எழுதினார்.

சுரேஷ் பதறினான். "அந்தாளு எங்க பாய் அனுப்புனாரு?"

"அந்தக் காலத்துப் புலவன் பண்ணுன வேலைதாம்ப்பா. அரசன்கிட்ட இல்லாத குணத்தைச் சபையில பாடிட்டா, வெக்கப்பட்டாவது செஞ்சாகணும். சட்டையைத் தச்சு மாட்டிட்டோம்னா, அவரு அதுக்குள்ள நின்னுதானே ஆகணும்?"

மேடையில் அவர் அதை வாசித்ததும் மண்டபமே கைதட்டியது. முதலாளி எழுந்து கும்பிட்டார். மறுக்கவில்லை. காக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மறுநாள் சுரேஷ் போன இடமெல்லாம் ஒரே பேச்சு. "அதான் முதலாளியே அனுப்பிட்டாராமே! செத்தவன் பேரச் சொல்லி இன்னும் என்னடா வசூல்?" ஏற்கெனவே கொடுத்தவர்களும் திருப்பிக் கேட்டார்கள்.

காக்கா ரூம் ரூமாக ஏறி இறங்கி, பாட்டில் சொன்னது பொய் என்றார். "என்ன பாய், ஆர்டர் கையை விட்டுப் போயிருச்சா?" என்று கண்ணடித்தார்கள். முதலாளியிடமே போய், உடலை அனுப்பக் கேட்டார். "பாட்டு பிரமாதம் பாய்," என்றார் அவர்.

கடைசியில், இங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று வடிவு கைநாட்டு வைத்தாள். சுரேஷ் போனில் முகத்தைக் காட்டப் போனான். அது காட்டும்படி இல்லை. துணியை இழுத்து மூடினான். "ஒண்ணுமே தெரியலையேண்ணே, வெளிச்சத்துல காட்டுங்க," என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இந்த வருஷச் சீருடைக் கட்டுகளைக் கொடுக்கப் போனோம். முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் போன வருஷப் பாட்டின் கண்ணாடிச் சட்டம் தொங்கியது. வேலுச்சாமியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"புதுப் பாட்டு எப்ப பாய்?" என்றார் முதலாளி.

காக்கா கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "இந்தத் தடவ யாரு பேரைச் சேக்கணும், சார்?"

அதன் பிறகு சீருடை ஆர்டர் வரவில்லை.