பாம்பன் கரையில் இரண்டு நிமிட மௌனம்

சட்டசபைத் தீர்மானப்படி, மறைந்த தேசத் தலைவருக்காகப் பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் இரண்டு நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். பாம்பன் கரையில் சங்கு ஊதுகிறது. முப்பத்திரண்டு பேர் நிற்கிறோம். நான் நொடிகளை எண்ணுகிறேன். வாடைக்காற்றில் ஒரு வள்ளம் கரைக்கு வருகிறது. நீருக்குள் மறைந்த பாறையைக் கரையிலிருந்து கூவிச் சொல்வதுதான் இங்கே வழக்கம். ஏட்டு தடியோடு எங்களைப் பார்க்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பக்கத்தில் நிற்கும் மீனவப் பெண் திடீரென்று கத்துகிறாள்: "ஏலே அந்தோணி, வடக்க ஒதுக்குலே! பாறை!"

என் எண்ணிக்கை பிசகுகிறது.

"ஏய், வாயை மூடு!" ஏட்டு ஓடி வருகிறார்.

"வள்ளத்துல எம்மவன் ஏட்டையா! அந்தோணி, இன்னும் வடக்க ஒதுக்குலே!"

வள்ளம் விலகி மணலில் ஏறுகிறது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக நிற்கிறாள்.

"இப்பச் சங்கை ஊதச் சொல்லுங்க. பொழுது சாயுற வரைக்கும் பேசாம நிக்கிறேன்."