தேங்காய்ப்பால் ரம்முக்கு ருசி பார்த்த டிசம்பர்

டிசம்பர் வந்தாலே எனக்கு முழங்கை வலிக்கும். ஏலத்தோட்டத்தில் இருபது வருடம் குனிந்து காய் எடுத்தபோது இடுப்பு வலித்தது. சாந்தன்பாறைக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் சமையலறை வேலைக்குப் போன பிறகு வலி முழங்கைக்கு வந்துவிட்டது. வேலை மாறினால் வலி இடம் மாறும், அவ்வளவுதான். ஆனாலும் மழையில் நனைய வேண்டியதில்லை, அட்டை கடிக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

முழங்கை வலிக்குக் காரணம் தேங்காய். எங்கள் ரிசார்ட்டில் கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே விருந்துகள் தொடங்கிவிடும். கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்பெனிக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். மேனேஜர் எங்கிருந்தோ ஒரு பானத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அன்னாசிச் சாறு, கெட்டியான தேங்காய்ப்பால், பேஷன் புரூட், பட்டையும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு, அதில் வெள்ளை ரம். மேலே ஜாதிக்காய்த் துருவல். கிளாஸ் விளிம்பில் தேங்காய்ப்பூவை ஒட்டிவிட்டு அதைப் பனி என்பார்கள். கடற்கரையில் வேர்த்து வடியக் குடிக்க வேண்டியதை, மலை ஏறி வந்து, குல்லாவும் ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு, ஐஸ் போட்டுக் குடித்து நடுங்குவார்கள். நடுங்கினால்தான் விடுமுறை என்று நினைப்பார்களோ என்னவோ.

அதைச் செய்வது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை. எங்கள் குளிரில் தேங்காய்ப்பால் நின்றபடியே உறைந்துவிடும். பாத்திரத்தை வெந்நீரில் உட்கார வைத்துக்கொண்டேதான் பிழிய வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் அன்னாசியின் புளிப்பில் திரிந்துபோகும். ஒரு பழம் தேனாக இருக்கும், அடுத்தது பல்லைக் கூசவைக்கும். அதனால் எழுதிவைத்த அளவு எதுவும் உதவாது. ஒவ்வொரு பாத்திரமும் கலந்து முடித்ததும் யாராவது ஒருவர் வாயில் வைத்துப் பார்த்து, பாகு போதுமா, ரம் தூக்கலா என்று சொல்லியாக வேண்டும்.

அது பார்காரரின் வேலை. அவர் கிழக்குப் பாலக்காட்டுக்காரர், சித்தூர்ப் பக்கம். கொங்குத் தமிழ் பேசுவார், யாரையும் மரியாதை இல்லாமல் கூப்பிட மாட்டார். அந்த வருடம் அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். தை மாதம் மகரவிளக்குக்குத்தான் மலை ஏறுவாராம். அதுவரை விரதம். கறுப்பு வேட்டி கட்டினால் விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள் என்று மேனேஜர் சொன்னதால், யூனிபார்ம் சட்டைக்குள்ளே மாலையை மறைத்துக்கொண்டு ரம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றலாம், வாயில் வைக்கக்கூடாது என்று அவரும் சாமியும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள் போல.

முதல் நாள் ஒரு கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

"அக்கா, ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க. நான் மால போட்டிருக்கேனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் அதுவரை மது என்று எதையும் நாக்கில் வைத்ததில்லை. எங்கள் மாதா கோயிலில் பூசைத் திராட்சை ரசம்கூட சாமியார் மட்டும்தான் குடிப்பார். ஆனால் ஒரு மனிதன் விரதத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்கிறான், எப்படி இல்லை என்பது? வாங்கிக் குடித்தேன். பாகு குறைவு என்றேன். அவர் ஊற்றினார். இன்னொரு கரண்டி குடித்துவிட்டு, இப்போது சரி என்றேன். துப்பிவிடலாமே என்று கேட்டதற்கு, தொண்டையில் இறங்கினால்தான் ரம்மின் அளவு தெரியும் என்றார். அவருக்குத் தெரிந்த தொழில், நான் என்ன சொல்ல.

என் வீட்டில் இருந்த நிலைமை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பதினெட்டு வருடம் குடித்தவர். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. ஏலத்தோட்டத்தில் குடிக்கிறவர்கள் வாடை தெரியாமல் இருக்க நாலு ஏலக்காயை மென்றுகொண்டு வீட்டுக்கு வருவார்கள், அது இங்கே எல்லோருக்கும் தெரியும். முந்தின கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயிலில் கட்டியிருந்த மாட்டுத்தொழுவக் குடில் மேலேயே விழுந்து, சூசையப்பர் சிலையின் கையை உடைத்தார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு வந்து, இனி தொடமாட்டேன் என்றார். எத்தனையோ தடவை கேட்ட வசனம்தான். ஆனால் இந்தத் தடவை தொடவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலில் நிறுத்தி, சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் முகர்ந்து பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். முதலில் கோபப்பட்டார். பிறகு அவரே குனிந்து "ஹா" என்று ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்கள் லயத்தில் எல்லா வீட்டுச் சுவரும் ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து மாதம் அந்த ஒரு மூச்சில்தான் என் உயிர் இருந்தது. அவர் மறுபடி தொடங்கினால் எனக்கு இன்னொரு முறை எல்லாவற்றையும் தாங்கத் தெம்பில்லை. ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொண்டுதான் எழுந்தேன்.

விருந்துகள் தொடங்கிய பிறகு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பாத்திரம் கலக்கினோம். "அக்கா சொன்னாச் செரிங்க, ஒரு சொட்டு மாறாது" என்று பார்காரர் மேனேஜரிடமே சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. நாற்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒருவர் என் கருத்தைக் கேட்டு, அதன்படி நடந்தார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ முதல், ருசி சரியாக இருந்தாலும் நான் இரண்டாவது கரண்டி எடுத்தேன். கை மரத்துப்போகிற குளிரில் அது நெஞ்சு வழியாக இறங்கும்போது முழங்கை வலி கொஞ்சம் தள்ளி நின்றது. அது வேலைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

மாலையில் ஜீப்பில் ஏறுவதற்கு முன் பாகுக்கு வைத்திருந்த ஏலக்காயில் இரண்டை வாயில் போட்டுக்கொள்வேன். வாய் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். அதில் தப்பாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

விருந்து தொடங்கி மூன்றாம் நாள், வேலை நீண்டதால் அவருக்குப் பிறகு வீடு வந்த நான், வழக்கம்போல அவர் காலரைப் பிடித்தபோது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சளி பிடித்திருக்கிறது, உனக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார். மறுநாள் தலையணையை எடுத்து முன்னறையில் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாள் கோயிலில் குடில் கட்டும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டோர் முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவார். நான் சாப்பிட்டுப் படுத்த பிறகு வந்து, சத்தமில்லாமல் தட்டெடுத்துச் சாப்பிடுவார். இருமல் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

எனக்கு வேறென்ன தோன்றும்? பதினெட்டு வருடம் பார்த்த படம் மறுபடி ஓடுகிறது என்று நினைத்தேன். அவர் இல்லாத நேரத்தில் வீட்டை அலசினேன். விறகடுக்குக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்கு அடியில், கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் என்று பழைய இடம் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் உடைத்துப் போட்டு அழுதிருப்பேன். கிடைக்காதது இன்னும் பயமாக இருந்தது, மனுஷன் புது இடம் கண்டுபிடித்துவிட்டார் என்று. பயத்தில் தூக்கம் போனது. தூக்கமில்லாமல் போய் மறுநாள் தேங்காய் பிழிந்தேன். மூன்றாவது கரண்டியும் எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள், சாயங்காலம் வரவேண்டிய ஒரு கம்பெனிக் கூட்டம் வரவில்லை. மூன்று மணிக்கே ஜீப் விட்டார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் கோயிலிலேயே இறங்கிக்கொண்டேன். மூடுபனி தரை வரை இறங்கியிருந்தது. அவர் தனியாக நின்று, மூங்கில் சட்டத்தில் பாசியை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் இரண்டடி பின்னால் போனார். அந்த இரண்டடியில் எனக்கு எல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊதுங்க" என்றேன்.

"தள்ளிப் போ."

"போன வருஷம் இதே குடில்ல விழுந்து ஊரே சிரிச்சுச்சே, மறந்துபோச்சா? இந்த வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? அந்த மாட்டுக்கு அடியிலயா?"

மண் மாட்டைத் தூக்கியே பார்த்தேன். அடியில் பசை டப்பாதான் இருந்தது. அவர் என் கையிலிருந்து மாட்டை வாங்கி, இருந்த இடத்தில் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் குடிக்கல. நீதான் குடிச்சிருக்க."

"நானா? அது ருசி பாக்குறது. அவர் மால போட்டிருக்காரு, அதனால நான் பாக்குறேன். வேலை."

"ஒரு கரண்டி ருசிக்கு இந்த வாடை வராது. எனக்குத் தெரியாதா?"

அவர் கையிலிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ உள்ள வந்ததும் ரம்மும் ஏலக்காவுமா அடிக்குது. அது என் வாடை. நான் குடிச்சுட்டு வந்தப்ப இருந்த அதே வாடை. பத்து மாசமா அதை விட்டு ஓடிட்டு இருக்கேன். நீ தினமும் அதைக் கூட்டிட்டு வந்து என் பக்கத்துல படுக்கப் போடுற."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? உன்னக் கேள்வி கேக்க எனக்கு என்ன மூஞ்சி இருக்கு?"

நான் உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஊதினேன். என் வாய் எனக்கு என் வாயாகத்தான் இருந்தது. குடித்த காலத்தில் அவரும் வாசலில் நின்று இப்படித்தான் ஊதிப் பார்ப்பார், ஒரு வாடையும் இல்லை என்று அடித்துச் சொல்வார். பொய்யன் என்று கத்துவேன். அவர் அதை நம்பித்தான் சொல்லியிருக்கிறார் என்று அந்தக் கோயில் படியில் நின்றபோதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. கோயில் குழாயில் வாயைக் கொப்பளித்தேன், பல் விறைக்கும்வரை. பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் போகச் சொல்லவில்லை, கிட்டே வரவும் இல்லை. பாசியை ஒட்டி முடித்தார்.

மறுநாள் பார்காரரிடம் சொன்னேன். இனி என்னால் ருசி பார்க்க முடியாது, வீட்டுக்காரர் குடியை விட்டவர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கரண்டி அவர் கையிலேயே நின்றது.

"அட சாமி! மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே அக்கா. என் விரதத்தக் காப்பாத்தோணும்னு உங்க ஊட்டையே நான் கெடுத்துப்போட்டேனுங்களே."

அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் போனில் பேசிக்கொண்டே ஒரு கரண்டி வாங்கி, "கொள்ளாம் சேச்சி" என்று மலையாளத்தில் மெச்சித் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அது புளித்துக்கொண்டிருந்தது, நிறத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். விருந்தாளிகள் அதையும் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். இதற்காகவா பத்து நாள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த தேங்காயை உடைத்தேன். ரம் மணம் வரும்போது நாக்கில் எச்சில் ஊறியது. அதை விழுங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

இப்போது என் வீட்டுக்காரர் குடிக்கிறாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். நினைக்க மட்டும்தான் முடியும், ஏனென்றால் முகர்ந்து பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் என் கால் தானாக எழும். ஒரே ஒரு தடவை முகர்ந்து பார், இன்றைக்கு மட்டும் என்று மனசு கெஞ்சும். அடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சாம்பல் புதனுக்குப் பிறகு அவர் ஒவ்வொரு சாயங்காலமும் பிராந்திக்கடையைத் தாண்டி எப்படி நடந்து வந்திருப்பார் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.