கூத்தாநல்லூர் மில்லிலிருந்து ஒரத்தநாட்டுக் கம்ப்யூட்டருக்கு

லோடு ஏற்ற லாரி வந்து நின்றபோது, மில்லின் கலர் சார்ட்டர் நல்ல அரிசியையும் சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஓடிவரும் அரிசியை கேமராவால் பார்த்து, கருப்பு விழுந்த மணியை மட்டும் காற்றடித்து ஒதுக்க வேண்டிய மெஷின் அது. அதை மில்லில் பொருத்தி செட்டிங் போட்டுக் கொடுப்பது என் வேலை. துணைக்கு ஆள் இல்லாமல் நான் தனியாகப் போன முதல் மில், கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் இருந்தது.

முதலாளி ஜபருல்லா பாய் கழிவில் விழுந்த அரிசியை அள்ளி என் முன் நீட்டினார்.

"இதுல எதும்மா கருப்பு? நல்ல அரிசியில்ல கொட்டுது! சரிப்பட்டு வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, மெஷினைக் கழட்டி அனுப்பிடறேன்."

"சரியாயிடும் பாய். இந்த ரகத்துக்குப் புதுசா செட்டிங் போடணும்."

தைரியமாகச் சொல்லிவிட்டேன். செட்டிங்கைக் கணக்கிடும் புரோகிராமும் அதற்கான அரிசிப் படங்களும் ஒரத்தநாட்டில், என் வீட்டு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இருந்தன. அந்த வேலையை என் லேப்டாப் தாங்காது. அதனால்தான் வெளியிலிருந்து வரும் இணைப்பை டெஸ்க்டாப்புக்குத் திருப்பிவிட வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வெளியிலிருந்து உள்ளே நுழைய ஏற்பாடு செய்திருந்தேன். கிளம்புமுன் லேப்டாப்பில் முயன்றும் பார்த்தேன். உடனே கனெக்ட் ஆனது.

மில்லில் உட்கார்ந்து கட்டளையைத் தட்டினால், கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'டைம்டு அவுட்' என்று வந்து நின்றது. அப்போதுதான் உறைத்தது. நான் முயன்று பார்த்தது வீட்டு வைஃபையில் இருந்தபடியே. வீட்டுக்குள் நின்றுகொண்டு வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன்!

என் கணவர் செல்வத்துக்குப் போன் செய்தேன். நடவு ஆட்களை வயலில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த ஐ.பி. முகவரியை வாசிக்கச் சொன்னேன். பிறகு, நம் முகவரி வெளியுலகுக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டும் ஒரு தளத்தைப் பார்க்கச் சொன்னேன்.

"ரெண்டும் வேற வேறயா இருக்கே கலா. நம்ம ஒரு வீட்டுக்கு ரெண்டு அட்ரஸா?"

அந்தக் கேள்வியில் என் பதற்றம் போய்விட்டது. ஏன் இரண்டு என்று தேடத் தொடங்கினேன். விஷயம் இதுதான்: நெட் கம்பெனி பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகிறது. வெளியிலிருந்து நான் தட்டினால் அது கம்பெனியின் கருவியோடு நின்றுவிடும். எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. ஆனால், வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்புக்கு எந்தத் தடையும் இல்லை. அப்படியானால் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் முதலில் வெளியே வர வேண்டும். பேக்கப்புக்காக நான் வாடகைக்கு எடுத்திருந்த சின்ன சர்வர் ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தமாகப் பொது முகவரி உண்டு. டெஸ்க்டாப் அங்கே வந்து காத்திருந்தால், நானும் அங்கே போய் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப்பை அந்தச் சர்வரோடு இணைக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாகப் போனில் சொன்னேன்.

"பாஸ்வேர்டு கேக்குது. அடிக்கிறேன், ஒண்ணுமே விழ மாட்டேங்குது. கீபோர்டு போயிடுச்சா?"

"விழாதுங்க. அடிக்கிறது கண்ணுக்குத் தெரியாது. அடிச்சிட்டு என்டர் தட்டுங்க."

நான் சர்வருக்குள் போய், அங்கிருந்து வீட்டுக்குத் தட்டினேன். என் டெஸ்க்டாப்பின் பெயர் மில் ஆபீஸில் என் திரையில் வந்தது. நம்ப முடியவில்லை. செல்வம் கட்டளை அடிக்கத் திறந்து வைத்திருந்த டெர்மினல் திரைக்கு, 'சாப்பிட்டாச்சா' என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி அனுப்பினேன்.

போனில் அலறினார். "கலா, யாரோ உள்ள பூந்துட்டான்! சாப்பிட்டாச்சான்னு கேக்குறான்!"

"நான்தாங்க அது."

"நீயா? அங்கேருந்தா?" அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, "இன்னும் சாப்பிடலை," என்றார்.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த பாய் கேட்டார்: "நீங்க வீட்டுக்குப் போகலை, வீடுதான் உங்களைத் தேடி வந்திருக்கு. அப்படித்தானேம்மா?"

"பாதி வழி அது வந்துச்சு, பாதி வழி நான் போனேன் பாய்."

அங்கேயே அரிசியைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். புரோகிராம் தந்த முதல் செட்டிங்கில் கருப்பு தப்பித்து வந்தது. அளவை மாற்றி மறுபடி ஓட்டினேன். பாய் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, விரலால் விலக்கி விலக்கித் தேடினார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏத்துங்கப்பா!" என்று குரல் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், கரண்ட் போய் வந்தாலும் டெஸ்க்டாப் தானாகவே சர்வரோடு இணைந்துகொள்ளும்படி செய்தேன். யார் யார் நுழைய முயன்றார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் லாகை அன்றுதான் முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ முகம் தெரியாதவர்கள் 'ரூட்', 'அட்மின்' என்று விதவிதமான பெயர்களில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு, சாவிக் கோப்பு வைத்திருந்தால் மட்டுமே நுழைய முடியும் என்று மாற்றினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: ரிமோட் இணைப்பைச் சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். மொபைல் டேட்டாவைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்று பாருங்கள். அங்கிருந்து உங்களால் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். வேறு யாரெல்லாம் உள்ளே வரப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.